முளைப்பாரியின் நிறம்

சாமி,

உன் கடிதமும் அதோடு நீ அனுப்பிய படமும் திங்கட்கிழமை வந்து சேர்ந்தன. படத்தை நீளமாகச் சுருட்டி அனுப்பியிருந்தாய். வாழைத்தாரைச் சுமந்து வருகிறவர் மாதிரி தபால்காரர் அதைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து கொடுத்தார். அன்றைக்குப் பிரித்த உன் அப்பாவுக்கு அதைச் சுருட்டி வைக்க மனமே வரவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பாயில் விரித்து, நான்கு மூலையிலும் சொம்பும் டம்ளரும் வைத்து, "டெல்லி அணிவகுப்புல போற வண்டிங்க இது, நம்ம பையன் வரஞ்சது" என்று காட்டிக்கொண்டே இருக்கிறார். கண்ணில் புரை விழுந்தவருக்குப் படத்தில் பாதி தெரியவில்லை. தெரியாத பாதியையும் சேர்த்துத்தான் விளக்குகிறார். சேலம் போய் ஒரு ஸ்வெட்டர் வேறு வாங்கி வந்துவிட்டார். இந்த வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து வியர்த்து உட்கார்ந்திருந்தார். சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

நீ கேட்டிருப்பதை இரண்டு தடவை படித்தேன். நானும் பாவாயக்காவும் இன்னும் சில பெண்களும் டெல்லிக்கு வரவேண்டும், அங்கே ஏற்பாடு செய்கிற அறையில் முளைப்பாரி வளர்க்கவேண்டும், குடியரசு தின அணிவகுப்பு அன்று அலங்கார ஊர்தியின் மேல் அதைச் சுற்றி நின்று கும்மி அடிக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். போக வர ரயில், தங்க இடம் எல்லாம் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும் என்கிறாய். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "சின்ன வயதில் அப்பா செய்த ஊர்தியில் பார்த்த அந்தப் பச்சை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது அம்மா. நம் நாடு என்றால் எனக்கு முதலில் அந்தப் பச்சைதான் ஞாபகம் வரும்." அந்த வரியைப் படித்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்து போகவில்லை.

நான் வரவில்லை சாமி. நீ எதிர்பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வருவார். அவரை யாராலும் நிறுத்த முடியாது. நான் ஏன் வரவில்லை என்பதை எழுதாமல் விட்டால், அம்மாவுக்குப் பெருமை தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வாய். பெருமை இருக்கிறது. அதோடு வேறொன்றும் இருக்கிறது. அதைச் சொல்ல உன் அப்பாவின் ஊர்திகளிலிருந்து தொடங்கவேண்டும்.

அவர் ஓவிய ஆசிரியராக வேலையில் சேர்ந்த மறு வருடமே சுதந்திர தின அணிவகுப்புக்கு அலங்கார ஊர்தி செய்கிற வேலை அவர் தலையில் வந்து விழுந்தது. மேலேயிருந்து ஒரு தலைப்பு வரும். அதற்கு அவர் ஒரு படம் வரைந்து கொடுக்கவேண்டும். சேலத்தில் ஒரு குழு அந்தப் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடும். அப்புறம் நாமக்கல்லிலிருந்து ஒரு லாரியை இரவல் வாங்கி, மூங்கிலும் சாக்கும் காகிதக்கூழும் வைத்துப் படத்தில் இருப்பதை லாரி மேல் எழுப்பவேண்டும். ஒரு வருடம் காகிதக்கூழில் யானை செய்தார். ஒத்திகையில் அதன் தும்பிக்கை கழன்று டிரைவர் மடியில் விழுந்தது. இன்னொரு வருடம் பாரத மாதாவாக நிற்க வைத்த பெண் வெயிலில் மயங்கிச் சாய்ந்துவிட்டாள். மூவர்ணச் சேலையோடு அவளை மரத்தடியில் படுக்கவைத்து சோடா கொடுத்தோம். சிங்கமாக இருந்த பையன் தலையைக் கழற்றி அவளுக்கு விசிறிவிட்டான். மறுநாள் எல்லாவற்றையும் பிரித்துவிடுவார்கள். மூங்கில் மண்டிக்கும், ஜிகினாத்தாள் பிள்ளைகளுக்கும், லாரி லோடுக்கும் போய்விடும். "ஒரு நாள் கூத்துக்கு மீசையச் சிரைச்ச கதையா இருக்குதுங்க" என்று நான் கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நிலைத்து நிற்காததால்தான் அதை இத்தனை பேர் ஓடி வந்து பார்க்கிறார்கள் என்பார். அந்தப் பேச்சில் மயங்கித்தான் நானும் இத்தனை வருடம் அவருக்குப் பசை காய்ச்சிக் கொடுத்தேன்.

உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது மழை அடியோடு பொய்த்தது. கொல்லிமலை நம் கொல்லைக்கு மேலேயே நிற்கிறது, ஆனால் அதிலிருந்து ஒரு சொட்டு இறங்கி வரவில்லை. சேந்தமங்கலம் சந்தையில் மாடுகள் விற்க வந்து நின்றன, வாங்குகிறவர் இல்லை. அந்த வருடம் வந்த தலைப்பு 'நம் பண்பாடும் பசுமையும்'. உன் அப்பா இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, முளைப்பாரி என்றார். காகிதத்தில் செய்ததாக இல்லாமல், நம் ஊர்ப் பெண்கள் நிஜமாக வளர்த்த முளைப்பாரி லாரி நிறைய, நடுவில் பெண்கள் கும்மி. எனக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நம்மைப் பற்றிச் சொல்ல ஒருவழியாக நம்முடைய பொருள் ஒன்று லாரியில் ஏறப்போகிறதே என்று இருந்தது.

அவர் படம் வரைந்தபோது நான் பின்னால் நின்று பார்த்தேன். முளைப்பாரிக்கு நல்ல கரும்பச்சையாகப் பூசிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, முளைப்பாரி பச்சையாவா இருக்கும்?" என்றேன்.

"படத்துக்குப் பச்சதான் எடுப்பா இருக்கும். எனக்குத் தெரியாதா?" என்றார்.

அவருக்குத் தெரியும். இந்த ஊரில் பிறந்தவர். முளைப்பாரியை வெளிச்சம் புகாத அறையில், துணியால் மூடி வளர்ப்போம். வெயிலைப் பார்க்காத முளை பச்சை ஏறாது. வெளிறிய மஞ்சளாக, நேற்றுப் பொரித்த கோழிக்குஞ்சின் நிறத்தில் இருக்கும். அந்த நிறம்தான் அது அம்மனுக்காக அடக்கமாக வளர்ந்தது என்பதற்கு அடையாளம். எல்லாம் தெரிந்தும், பயிர் என்றால் பச்சை என்று அவர் கை தானாகப் போட்டுவிட்டது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கை. படம் சேலம் போய்க் கையெழுத்தாகி வந்துவிட்டது.

பெண்களைக் கேட்கிற வேலை எனக்கு. அப்போது அடுத்த வீட்டில் இருந்த பாவாயக்காதான் ஊரில் முளைப்பாரிக்கு முதல் விதை தூவுகிறவள். அவள் தூவினால் ஒரு விதை தப்பாமல் முளைக்கும் என்பார்கள். அந்த வருடம் அவள் கிணற்றில் பாறை தெரிந்தது. கிணறு ஊறினால்தான் காடு விளையும், காடு விளைந்தால்தான் வீடு என்று இருந்த குடும்பம் அது. தண்ணீர் இல்லை என்று ஆடித் திருவிழாவையே ஊர் நிறுத்தி வைத்திருந்தது. அம்மனுக்கே இல்லாத முளைப்பாரியை லாரிக்கு எப்படிக் கேட்பது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

"ஆத்தாளுக்குத்தான் இந்த வருசம் இல்லீன்னு ஆயிப்போச்சு. நாட்டுக்காச்சும் போடுவோம் கண்ணு. பெரிய பெரிய ஆளுகெல்லாம் வந்து பாக்கறாங்களாமுல்ல? அத்தன பேரும் பாத்து ஒருக்காக் கும்பிட்டாங்கன்னா மழ வராமப் போயிருமா?" என்றாள். பிறகு உன் அப்பாவைப் பார்த்து, "ஆனா ஒண்ணு வாத்தியாரே. முடிஞ்சதீம் ஆத்துல கொண்டுபோயி விட்டுரோணும். நடுவால போட்டுட்டுப் போவக் கூடாதுங்க" என்றாள். அதே லாரியில் பள்ளிபாளையம் கொண்டுபோய்க் காவிரியில் கரைத்துவிடலாம் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

நம் வீட்டுப் பின்னறையில்தான் வைத்தோம். நீ உள்ளே வரக் கூடாது என்று தடுத்ததால் கதவடியில் உட்கார்ந்து அழுவாய். குடிக்க வைத்திருந்த தண்ணீரில் ஆளுக்கு ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து தெளித்தார்கள். குளிக்கத் தண்ணீர் இல்லாத வீட்டிலிருந்தும் வந்தார்கள். சாயங்காலம் மெதுவாகக் கும்மி பாடுவோம். பாவாயக்கா பாட்டுக்கு நடுவே தன் கிணற்றையும் சேர்த்துப் பாடுவாள், "ஊறு ஊறு" என்று. நாங்கள் சிரிப்போம். அவள் சிரிக்கமாட்டாள்.

அணிவகுப்பு நெருங்கியதும் உன் அப்பாவுக்குப் படத்தின் ஞாபகம் வந்துவிட்டது. ரெண்டு நாள் வெயிலில் வைத்தால் பச்சை ஏறிவிடும் என்று வந்து நின்றார்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்கூட்டுல ஒரு புள்ள சமைஞ்சு உள்ளார உக்காந்திருக்கையில, நிறம் பத்துலீன்னு வெளிய நிறுத்தி வெயில் காட்டுவீங்களா?" என்று கேட்டாள் பாவாயக்கா. அவர் திரும்பிப் போய்விட்டார்.

சேலத்தில், மைதானத்துக்குப் பக்கத்தில் லாரியை நிறுத்தி, காலையில் துணியை விலக்கினோம். சாமி, அதை எப்படி எழுதுவது? அப்படி ஒரு விளைச்சலை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. சட்டி தெரியாமல் அடர்ந்து, முழங்கை உயரத்துக்கு நெட்டுக்குத்தாக, லாரி முழுக்க அந்த இளமஞ்சள். பெண்கள் குலவை போட்டார்கள். முளைப்பாரி செழித்தால் மழை உண்டு என்பது உனக்குத் தெரியும். பாவாயக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்டு கண்ணு, இந்த வருசம் உண்டு" என்று என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது.

அப்போது அதிகாரி ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை. எங்களுக்கெல்லாம் டீ சொன்னவர். கையில் உன் அப்பா வரைந்த படம் இருந்தது. படத்தைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், படத்துல பச்சையா இருக்கு, இது காஞ்சு கிடக்குதே?"

"காயலைங்க சார். முளைப்பாரி இப்படித்தான் இருக்கும். இதுதான் முறைங்க."

"உங்களுக்கும் எனக்கும் தெரியும். மேடையில உட்கார்ந்திருக்கறவங்களுக்குத் தெரியுமா? ஊரே வறண்டு கிடக்கு. பசுமைன்னு போர்டு மாட்டிட்டு மஞ்சளைக் கொண்டுபோய் நிறுத்தினா கிண்டல் பண்றோம்னு நினைக்கமாட்டாங்களா? எனக்கும் குடும்பம் இருக்கு மாஸ்டர். படத்துல இருக்கற மாதிரி பண்ணிடுங்க."

லாரியின் முகப்புக்குக் கடைசியாக வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் பக்கத்திலேயே இருந்தார். அவரிடம் லாரிக்கு அடிக்கிற பச்சை இருந்தது, அதைப் பீச்சி அடிக்கிற துப்பாக்கியும் இருந்தது. உன் அப்பா என்னைப் பார்த்தார். நான் பாவாயக்காவைப் பார்த்தேன். அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது புரியவே இல்லை. பெயிண்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். லாரி மேல் ஏறினார், முளைப்பாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார், அடித்தார்.

புஸ்ஸென்ற அந்தச் சத்தத்தில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றார்கள். கனம் தாங்காமல் முளைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. கம்பி கட்டி நிமிர்த்தினார்கள். டிரைவர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நீ அப்போதுதான் எழுந்து இறங்கி வந்தாய். "அய், பச்சே!" என்று கைதட்டினாய். நீ பார்த்த பச்சை அதுதான் சாமி. பத்து வகை தானியமும் ஒரே பளபளப்பில் நின்ற பச்சை. அதற்கு முந்திய நிறத்தை நீ பார்க்கவே இல்லை. உன்னைத்தான் நாங்கள் அறைக்குள் விடவில்லையே.

மேடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் பரிசு கிடைத்தது. உன் அறையில் மாட்டியிருக்கிற கேடயம் அதுதான். அதைப் பார்த்துத்தான் உனக்கு வரையவேண்டும் என்று ஆசை வந்ததாக எல்லோரிடமும் சொல்வாய். நான் ஒரு தடவையும் மறுத்துப் பேசியதில்லை. பிள்ளையின் ஆசையில் எதற்கு மண்ணைப் போடுவது என்று இருந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து உன் அப்பா வந்து, "வாங்க, பள்ளிபாளையம் போலாம்" என்றார். வாக்கை மறக்கவில்லை அவர். பாவாயக்கா லாரியில் ஏறவில்லை.

"பெயிண்டக் கொண்டுபோயி ஆத்துலயாங்க கரைக்கறது? கீழ இருக்கற ஊருக்காரங்க குடிக்கற தண்ணீங்க அது" என்றாள்.

அங்கேயே இறக்கி வைத்தோம். அதுவரைதான் எனக்குத் தாங்கியது. ஊரில் புல் இல்லாத காலம். எங்கிருந்தோ மாடுகள் வந்துவிட்டன, எலும்பு துருத்திக்கொண்டு, பச்சையைப் பார்த்து ஓடி வந்தன. தின்றால் செத்துப்போகும். மாட்டுக்கு ஒரு பிடி தழை கிடைக்காதா என்று அலைந்த பெண்கள், தாங்கள் வளர்த்த முளைப்பாரியைச் சுற்றி நின்று, குச்சியை ஓங்கி மாட்டை விரட்டினார்கள். ஒரு கிழட்டுப் பசு திரும்பத் திரும்ப வந்தது. பாவாயக்கா அதைக் கழுத்தைக் கட்டிப் பிடித்து நிறுத்திக்கொண்டு, "வேண்டாஞ் சாமி, வேண்டாஞ் சாமி" என்று அழுதாள். உன் அப்பா பரிசு வாங்கின வெள்ளைச் சட்டையோடு குழி தோண்டினார். மண் கடப்பாரைக்கே இளகவில்லை. ஒருவழியாகத் தோண்டி, எல்லாவற்றையும் உள்ளே போட்டு மூடிவிட்டு ஊர் திரும்பினோம்.

அந்த வருடம் மழை பெய்யவில்லை. அடுத்த வருடமும் இல்லை. நான் பள்ளி இறுதி வரை படித்தவள். மேகம் முளைப்பாரியைப் பார்த்துப் பெய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியாமல் இல்லை. யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. பாவாயக்கா மட்டும், "உடு கண்ணு, உன்ற மேல என்ன இருக்குது" என்றாள். மழை திரும்பி, திருவிழா மறுபடி நடந்தபோது என்னை முளைப்பாரி போட யாரும் கூப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஊர்வலம் போகையில் வாசலில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவர்களில் நானும் ஒருத்தி. மழை வருவதற்குள் பாவாயக்கா காட்டை விற்றுவிட்டுப் பள்ளிபாளையத்துக்குத் தறி வேலைக்குப் போய்விட்டாள். உன் அப்பா அதன் பிறகும் ஓய்வு பெறும்வரை ஊர்தி செய்தார். பசுமை காட்டவேண்டிய இடத்தில் மரத்தூளுக்குச் சாயம் போட்டுத் தூவிவிடுவார். அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே கிடையாது.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அம்மா, நான் அப்பா மாதிரி இல்லை, காலம் மாறிவிட்டது, நான் எடுத்துச் சொல்வேன் என்பாய். சொல்லிப் பார். உனக்கும் ஒரு நல்ல மனிதர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்தது மாதிரி தெரியும் தம்பி என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும், அதுதான் கொடுமை. நம்மை நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்று லாரியில் ஏற்றினால், காட்டுவதற்குத் தோதாக நம்மை மாற்றித்தான் ஏற்றுகிறார்கள். ஏற்றிவிடுகிறவர்களும் நாமாகவே இருக்கிறோம். இதற்கு ஒரு வழி இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்தேன். இல்லை சாமி. இருந்திருந்தால் உன் அப்பா கண்டுபிடித்திருப்பார். அவர் முட்டாள் இல்லை, நம்மையெல்லாம்விட இந்த மண்ணை நேசித்தவர். அவர் கையே பச்சையைத்தான் எடுத்தது. உன் படத்தில் முளைப்பாரிக்கு உன் கையும் அதைத்தான் எடுத்திருக்கிறது.

அதனால் உனக்குப் புத்தி சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. காகிதத்தில் செய், மரத்தூளில் செய், தெர்மாகோலில் செய். எத்தனை பச்சை வேண்டுமானாலும் அடித்துக்கொள். அது பிரித்துப்போடுகிற பொருள், யார் மனதும் அதில் புதைந்திருக்காது. கும்பிட்டு வளர்க்கிற ஒன்றை மட்டும் கேட்காதே. அப்பாவைக் குளிரில் நிற்கவிடாதே. காதுக்குத் துணி கட்டச் சொல். அவருக்கு நிறம் சரியாகத் தெரியாது என்பதை அங்கே யாரிடமும் சொல்லிச் சிரிக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

இவ்வளவு எழுதிவிட்டு, பாவாயக்காவிடம் கேட்காமலேயே முடிவு சொல்கிறாளே என்று நீ நினைக்கக் கூடாது. கேட்டேன். புதன்கிழமை, உன் அப்பா தூங்கும்போது படத்தைச் சுருட்டி ஒரு நீளப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உன் படத்தைப் பார்த்தால் அவள் மனம் ஒருவேளை மாறலாம், அவள் வந்தால் நானும் வரலாம் என்று ஒரு சின்ன நப்பாசை எனக்கும் இருந்தது. தறிச் சத்தத்தில் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. வெளியே கூட்டி வந்து, காதருகில் சத்தமாகச் சொன்னேன். பையன், டெல்லி, ஊர்தி, முளைப்பாரி. நீ அவளைப் பெரியம்மா என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது அவளுக்கு. "அந்தக் கதவடியில உக்காந்து அழுவானே, அவனா?" என்றாள். தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, ஆற்றுப் பக்கம் பார்த்தாள். அப்புறம், கோபமே இல்லாமல், கடைக்குப் போகிற பிள்ளையிடம் விசாரிப்பது மாதிரி கேட்டாள்.

"போட்டுத் தாரேன் கண்ணு, எனக்கென்ன? அவனுக்குப் பச்சையா வேணுமாமா, இருக்கறாப்பலயே வேணுமாமா? அத மட்டும் கேட்டுட்டு வா."

கொண்டு போயிருந்த உன் படத்தை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

அம்மா